கடல்மேல் ஒரு கோல்போஸ்ட்

தாய்லாந்தின் மீனவத் தீவு ஒன்றில் பையன்கள் பலகை பொறுக்கிக் கட்டிய ஆடுகளமும், அதிலிருந்து முளைத்த கிளப்பும்

தாய்லாந்தின் தென்மேற்குக் கரையில், அந்தமான் கடல் உள்வாங்கிக் கிடக்கும் பாங்ஙா குடாவில் பன்யீ என்றொரு தீவு இருக்கிறது. தீவு என்றதும் வெண்மணலும் தென்னந்தோப்பும் மனதில் வந்தால் அழித்துவிடுங்கள். கடலிலிருந்து நெட்டுக்குத்தாக எழுந்து நிற்கும் ஒரு சுண்ணாம்புப் பாறை, அவ்வளவுதான் தீவு. ஊர் அந்தப் பாறையை ஒட்டி, தண்ணீருக்கு மேலே நிற்கிறது. வீடு, கடை, பள்ளிக்கூடம், சந்துபொந்து எல்லாமே கடலடிச் சேற்றில் இறக்கிய தூண்களின் மேல்தான். சுமார் 360 குடும்பங்கள், ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் பேர். ஏறக்குறைய எல்லோருமே முஸ்லிம்கள்.

ஊர் ஏன் கடலுக்குள் நிற்கிறது என்பதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜாவாப் பக்கமிருந்து மீன் தேடி வந்தவர்கள் இங்கே ஒதுங்கினார்கள். அன்றைய சட்டப்படி நிலம் வைத்துக்கொள்ளும் உரிமை சயாம் நாட்டாருக்கு மட்டுமே. நிலம்தானே கிடையாது, கடலில் நிற்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லையே! தூணை நட்டார்கள், வீட்டைக் கட்டினார்கள், குடும்பம் பெருகியது. வெகுகாலம் கழித்துச் சுற்றுலாவில் நாலு காசு புழங்கத் தொடங்கிய பிறகுதான் பாறையடியில் கொஞ்சம் நிலம் வாங்கிப் பள்ளிவாசலும் நன்னீர்க் கிணறும் அமைக்க முடிந்தது.

நம் ஊர் வாசகர்களுக்காக இங்கே ஒரு கிளைக்கதை. பன்யீ இருக்கும் இதே பாங்ஙா மாகாணத்தில்தான் தகுவா பா இருக்கிறது. மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழு, அவனிநாரணம் என்ற குளம் ஆகியவற்றைக் குறிப்பிடும் 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த இடம். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் கடல் கடந்து போன தமிழ் வணிகர்கள் அந்தக் கரையில் குளம் வெட்டும் அளவுக்கு வேரூன்றியிருக்கிறார்கள். ஜாவாவிலிருந்து வந்தவர்களுக்குக் குளம் வெட்டவும் ஒரு பிடி மண் கிடைக்கவில்லை.

மண் இல்லாத ஊரில் கால்பந்து எப்படி நடக்கும்? கால்பந்து இடத்தைத் தின்னும் ஆட்டம். பெரிய போட்டிகளுக்கான மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். கணக்குப் போட்டால் ஒன்றே முக்கால் ஏக்கர். பன்யீயில் அத்தனை பெரிய சமதளம் வேண்டுமானால் ஊரையே பிரித்துப் போட வேண்டியிருக்கும்.

1986-இல் மெக்சிகோவில் உலகக் கோப்பை நடந்தது. மரடோனாவின் உலகக் கோப்பை. மெக்சிகோவில் நண்பகல் என்றால் தாய்லாந்தில் நள்ளிரவு தாண்டி ஒரு மணி. தூர்தர்ஷன் முன்னால் அந்த ஜூன் மாதம் முழுக்கக் கண் விழித்துக் கிடந்தவர்களுக்கு அந்தக் காய்ச்சலை விளக்க வேண்டியதில்லை. பன்யீயின் பையன்களையும் அதே காய்ச்சல்தான் பிடித்தது. பார்த்தது போதாமல், ஆட வேண்டும் என்று ஆசை வந்தது. அங்கேதான் சிக்கல்.

இந்தக் கதை வெளியுலகத்துக்குத் தெரிய வந்தது 2011-இல், டி.எம்.பி. என்ற தாய்லாந்து வங்கி எடுத்த ஐந்து நிமிட விளம்பரப் படத்தால். வங்கி சொல்லும் கதையை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. எந்த இடத்தில் வயலினை இழைத்தால் எந்த இடத்தில் கண் கலங்கும் என்று தெரிந்தவர்கள் எடுத்த படம் அது. ஆனால் ஊர் நிஜம். ஆடுகளம் நிஜம். பன்யீ எஃப்.சி. என்ற கிளப்பும் அது வென்ற பட்டங்களும் நிஜம். ஆகவே படம் சொல்வதைப் படம் சொல்வதாகவே வைத்துக்கொண்டு மேலே போவோம்.

தெப்பம் கட்டிய பையன்கள்

அணி ஒன்று சேர்ப்போம் என்று பையன்கள் பேசிக்கொண்டபோது ஊர்ப் பெரியவர்கள் சிரித்தார்களாம். சுற்றும் முற்றும் பாருங்கடா, எங்கே ஆடப் போகிறீர்கள் என்ற சிரிப்பு. அதில் கேலி இருந்தாலும் தப்பு இல்லை. ஆள் இருக்கிறது, ஆசை இருக்கிறது, எதிரணி கூட அக்கம்பக்கத்தில் எங்காவது கிடைக்கும். இடம் மட்டும் இல்லை. உலகம் முழுக்க அமெச்சூர் கிளப்கள் பிறக்கும்போது முதலில் அணி சேரும், பிறகு பெயர் வைப்பார்கள், சட்டை நிறத்துக்குச் சண்டை போடுவார்கள், மைதானம் வாடகைக்குப் பிடிப்பார்கள். பன்யீயில் இந்த வரிசை தலைகீழாகப் போனது. முதலில் மைதானத்தைச் செய்தாக வேண்டும்.

பள்ளி விட்டதும் பையன்கள் பலகை பொறுக்கக் கிளம்பினார்கள். வீடு கட்டி மிஞ்சியது, உடைந்தது, கழித்துப் போட்டது என்று கையில் கிடைத்ததெல்லாம் வந்து சேர்ந்தது. அடியில் தாங்குவதற்குப் பழைய மீன்பிடி மிதவைகள். அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து, மேலே பலகை பரப்பி, ஆணி அடித்தார்கள். சாயங்காலம் சாயங்காலமாக வேலை நடந்து ஒருநாள் ஆடுகளம் என்று சொல்லத்தக்க ஒன்று ஊரோரத்தில் மிதந்தது.

ஊர் முழுக்கத் தூணின்மேல் நிற்கும்போது ஆடுகளத்தை மட்டும் ஏன் மிதக்கவிட்டார்கள்? எனக்குத் தோன்றும் காரணம் எளியது. சேற்றில் தூண் இறக்குவது பெரியவர்களின் வேலை: நல்ல மரம் வேண்டும், ஆள் பலம் வேண்டும், ஊரின் சம்மதமும் வேண்டும். தெப்பத்துக்கு ஆணியும் கயிறும் பொழுதும் இருந்தால் போதும். பையன்களிடம் பொழுது நிறைய இருந்தது.

தெப்பமாக இருந்ததில் ஒரு வசதியும் கிடைத்தது. அந்தமான் கடலில் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏற்றம், இரண்டு முறை வற்றம். தூண் வீடுகள் இருந்த உயரத்திலேயே நிற்கும். தெப்பமோ தண்ணீரோடு ஏறும், தண்ணீரோடு இறங்கும். வெள்ளம் எவ்வளவு ஏறினாலும் ஆடுகளம் மூழ்காது. ஆனால் ஏழெட்டுப் பேர் பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு மூலைக்கு ஓடினால் அந்த மூலை தணியத்தான் செய்யும். பலகைக்கும் பலகைக்கும் மட்டம் ஒத்து வராது. ஆணித் தலைகள் வெளியே துருத்திக்கொண்டிருந்தன. பந்து அடிக்கடி கடலில் விழுந்தது. பந்தை எடுக்கப் பையனும் விழுந்தான். நனைந்த உடம்போடு திரும்பி ஏறினால் பலகையும் நனையும். நனைந்த பலகையில் அடுத்தவன் வழுக்குவான். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் தளம் முழுக்க ஈரம். காலில் செருப்புகூட இல்லாமல், ஈரப் பலகையில், ஆணிக்குத் தப்பி, ஆடிக்கொண்டே இருக்கும் தளத்தில் பந்தைக் காலடியில் வைத்திருக்கப் பழகினார்கள்.

மாண்டிவீடியோவில் எழுதிய சட்டம்

இந்த ஆட்டத்தை ஃபுட்சல் என்று சொல்லலாமா? நடுவர் இல்லை, ஃபிஃபா சட்டப் புத்தகம் இல்லை, உள்ளரங்கம் இல்லை. கறாராகப் பார்த்தால் சொல்லக் கூடாது. ஆனாலும் ஃபுட்சல் பிறந்த கதையைத் தெரிந்தவர்களுக்குப் பன்யீயைப் பார்த்தால் உறவுக்காரரைப் பார்த்த மாதிரிதான் இருக்கும்.

உருகுவே 1924, 1928 ஒலிம்பிக் தங்கங்களையும் 1930-இல் முதல் உலகக் கோப்பையையும் வென்று கால்பந்துப் பித்தில் திளைத்துக்கொண்டிருந்த காலம். தலைநகர் மாண்டிவீடியோவின் ஒய்.எம்.சி.ஏ.வில் ஹுவான் கார்லோஸ் செரியானி என்ற உடற்பயிற்சி ஆசிரியர் இருந்தார். பையன்கள் எல்லோருக்கும் கால்பந்துதான் வேண்டும். அவரிடம் இருந்ததோ கூடைப்பந்துக் கூடம். 1930 வாக்கில் அவர் ஒரு காரியம் செய்தார். அணிக்கு ஐந்து பேர் என்ற எண்ணிக்கையைக் கூடைப்பந்திலிருந்து எடுத்தார். கோலின் அளவை ஹேண்ட்பாலிலிருந்தும், கோல்கீப்பருக்கான விதிகளை வாட்டர் போலோவிலிருந்தும் எடுத்தார். எல்லாவற்றையும் கால்பந்தின் அடிப்படைச் சட்டத்தில் கோத்தார். அங்கிருந்து பிரேசிலுக்குப் போன ஆட்டம் அங்கே வேறொரு உயிர் பெற்றது. 1971-இல் அதற்கென்று ஓர் உலக அமைப்பு பிரேசிலில் உருவானபோது தலைமை ஏற்றவர், பின்னாளில் ஃபிஃபாவையே ஆண்ட ஜோவா ஹாவலாஞ். 1982-இல் சாவோ பாவ்லோவில் அந்த அமைப்பு நடத்திய முதல் உலகப் போட்டியில் பிரேசில் வென்றது. ஃபிஃபா தன் சொந்த உலகக் கோப்பையை நெதர்லாந்தில் நடத்த 1989 வரை ஆனது. பன்யீ பையன்கள் ஆணி அடித்துக்கொண்டிருந்த 1986-இல் ஃபிஃபாவின் ஃபுட்சல் உலகக் கோப்பை என்று ஒன்று பிறக்கவே இல்லை.

செரியானிக்கும் பன்யீக்கும் பொதுவாக இருந்தது இடத் தட்டுப்பாடு. ஃபுட்சல் ஆடுகளம் சிறியதில் 25-க்கு 16 மீட்டர், சர்வதேசப் போட்டிகளுக்கு 38 முதல் 42 மீட்டர் நீளம், 20 முதல் 25 மீட்டர் அகலம். கோல் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். கால்பந்தின் கோல் 7.32 மீட்டர் அகலம் என்பதை நினைத்துக்கொண்டால் வித்தியாசம் புரியும். பந்தும் சிறியது, துள்ளாதது: இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் 65 சென்டிமீட்டருக்கு மேல் எழக் கூடாது என்பது விதி. பந்து எழாததால் எல்லாம் காலடியில், தரையோடு தரையாக. கட்டை விரலடியால் பந்தை மிதித்து நிறுத்தி, இழுத்து, திருப்பி ஆடும் வித்தை இந்தத் தளத்தில் பிறந்ததுதான்.

சிறிய இடத்தில் கால்பந்து ஆடுவதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, சுற்றிலும் சுவரோ வலையோ வைத்துவிடுவது. இன்றைக்குச் சென்னையிலும் கோவையிலும் மணிக் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் டர்ஃப்களில் நடப்பது பெரும்பாலும் இதுதான். பந்து வலையில் மோதித் திரும்பும். தப்பாகப் போட்ட பாஸ்கூடப் பிழைத்துக்கொள்ளும். இன்னொன்று ஃபுட்சலின் வழி. கோடுதான் எல்லை. கோட்டைத் தாண்டினால் பந்து எதிரணிக்கு. நான்கு விநாடிக்குள் அவன் உள்ளே அடித்துவிடுவான். தப்பான பாஸுக்கு அங்கேயே தண்டனை. பன்யீயில் கோடும் கிடையாது, சுவரும் கிடையாது. எல்லையைத் தாண்டினால் கடல். குதித்து, நீந்திப் பந்தை எடுத்து வந்தால்தான் ஆட்டம் தொடரும். அவ்வளவு கடுமையான எல்லைக்கோடு உலகத்தில் வேறெங்கும் இருந்திருக்காது. அந்தப் பையன்கள் பந்தைக் காலை விட்டு அகலாமல் வைத்திருக்கக் கற்றதற்கு எந்தப் பயிற்சியாளரையும்விட அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

மிதக்கும் மைதானம் என்றால் சிங்கப்பூர்வாசிகள் மெரினா பே-யைச் சொல்வார்கள். 2007-இல் அங்கே எஃகில் கட்டிய மேடை 120 மீட்டர் நீளம், 83 மீட்டர் அகலம். கரையில் 27,000 பேர் உட்காரும் மாடம் இருந்தது. பன்யீயினுடையது அதற்கு இருபது வருஷம் மூத்தது.

பூட்ஸைக் கழற்றிய இரண்டாம் பாதி

தெப்பத்தில் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தவர்கள் கையில் ஒருநாள் ஒரு துண்டறிக்கை கிடைத்தது. கரையில் ஒருநாள் போட்டி. போகலாமா வேண்டாமா என்று தயங்கினார்கள். தாங்கள் எந்த அளவுக்கு ஆடுவோம் என்று அவர்களுக்கே தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு அணி ஏது? கடைசியில் பெயர் கொடுத்தார்கள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த ஊர், புறப்படும் நாளில் பையன்களுக்குப் புதுச் சட்டையும் பூட்ஸும் வாங்கி நீட்டியது. படகேறி ஆதரவு தரவும் வந்தது. படத்தில் கண் கலங்க வைக்கும் இடங்களில் இது முதலாவது. இதை நான் நம்புகிறேன். கரை ஊர்க்காரர்களோடு போட்டி என்று வந்துவிட்டால் எந்த மீனவ ஊரும் தன் பிள்ளைகளை வெறுங்கையோடு அனுப்பாது.

கரையில் போய் நின்றால் தளம் ஆடவில்லை. ஆணி இல்லை. பந்து வெளியே போனால் நடந்து போய் எடுத்து வரலாம். கோல்கள் வேறு தங்கள் ஊர்க் கோலைவிடப் பெரியவை. வழுக்குப் பலகையில் பழகிய காலுக்குக் கெட்டித் தரை வரமாக அமைந்தது. ஒவ்வொரு ஆட்டமாக வென்று அரையிறுதிக்கு வந்துவிட்டார்கள்.

அரையிறுதியில் மழை பிடித்துக்கொண்டது. பாதி ஆட்டம் முடிந்தபோது இரண்டு கோல் பின்னால். வாழ்க்கையில் முதல்முறையாகப் போட்ட பூட்ஸ், தண்ணீர் ஏறிக் கல்லாகக் கனத்தது. இரண்டாம் பாதிக்கு இறங்கும்போது பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு இறங்கினார்கள். மழையும் ஈரத் தரையும் அவர்களுக்கு வீடு மாதிரி. இரண்டு கோலையும் திருப்பிக் கொடுத்துச் சமன் செய்தார்கள். கடைசித் தருணத்தில் எதிரணி இன்னொன்று போட்டுவிட்டது. 3-2.

கால்பந்து பார்ப்பவர்களுக்கு இந்த வரிசை எங்கேயோ கேட்டதாகத் தோன்ற வேண்டும். 1986 உலகக் கோப்பை இறுதி ஆட்டம். ஆஸ்டெக் மைதானத்தில் அர்ஜென்டினா இரண்டு கோல் முன்னிலை. மேற்கு ஜெர்மனியின் ருமெனிகேவும் ஃபோலரும் அடுத்தடுத்துப் போட்டுச் சமன் செய்தார்கள். சில நிமிடங்களில் மரடோனா தட்டிவிட்ட பந்தை ஓடிப்போய் புருசாகா உள்ளே தள்ளினார். 3-2. மெக்சிகோவைப் பார்த்து ஆசைப்பட்டு ஆடத் தொடங்கிய பையன்கள், தோற்றதையும் அதே வரிசையில் தோற்றிருக்கிறார்கள். தற்செயலா, திரைக்கதை எழுதியவரின் கைவண்ணமா என்று யாருக்கும் சந்தேகம் வரலாம். எனக்கும் வந்தது. ஆனால் விளம்பரத்துக்காகக் கதை கட்டுகிறவர் வெற்றியை அல்லவா கட்டியிருப்பார்?

வெறுங்கால் விஷயத்தில் இந்தியர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. 1948 லண்டன் ஒலிம்பிக்கில், பிரான்சுக்கு எதிராக இந்திய அணியில் பெரும்பாலோர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். இரண்டு பெனால்டிகளை வீணாக்கியும் 2-1 என்ற கணக்கில்தான் தோற்றார்கள். இந்தியாவின் ஒரே கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். நான்கு வருஷம் கழித்து ஹெல்சிங்கியின் குளிரில் யூகோஸ்லாவியா பத்து கோல் போட்டது. அதற்குப் பிறகு இங்கே பூட்ஸ் கட்டாயமானது. வெறுங்கால் எங்கும் உதவும் என்பதில்லை. பன்யீ பையன்களுக்கு அன்று உதவியதென்றால், மழை அன்றைக்குத் தரையை அவர்கள் ஊர்ப் பலகைபோல ஆக்கியிருந்தது என்பதால்தான். வெயில் அடித்திருந்தால் முதல் பாதியிலேயே பூட்ஸோடு வென்றிருப்பார்களோ என்னவோ.

மூன்றாம் இடத்தோடு ஊர் திரும்பினார்கள். வங்கியின் படம் ஏறத்தாழ இந்த இடத்தில் முடிந்துவிடுகிறது.

படம் முடிந்த பிறகு

ஆனால் ஒரு கிளப்பின் கதை அங்கேதான் தொடங்கும். ஒருநாள் போட்டிக்குப் போய் வந்த பையன்கள் கூட்டம் கிளப் ஆகிவிடாது. அடுத்த வருஷமும் ஆட வேண்டும். பெரியவன் வேலைக்குப் போனால் அவன் இடத்துக்குத் தம்பி வர வேண்டும். பந்து தேய்ந்தால் வாங்க யாராவது வேண்டும். தெப்பத்தில் இற்றுப்போன பலகையை மாற்றியாக வேண்டும்; உப்புத் தண்ணீரில் மிதக்கும் மரத்துக்கும் ஆணிக்கும் ஆயுசு குறைவு. கரையில் கிளப் நடத்துகிறவர்கள் புல் வெட்டக் காசில்லை என்று அழுவார்கள். இங்கே ஆடுகளமே கரைந்துகொண்டிருக்கும்.

போட்டியிலிருந்து திரும்பிய பிறகு, சிரித்த ஊரே சேர்ந்து புதிய ஆடுகளம் ஒன்றைக் கட்டியது. இது மட்டமானது, ஆணி துருத்தாதது. பையன்கள் கட்டிய பழைய பலகைத் தளமும் ஊரில் தங்கியது, சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் பொருளாக. என் பார்வையில் அரையிறுதியைவிட இந்தப் புதிய தளம் பெரிய செய்தி. பையன்களின் விளையாட்டுச் சாமான் ஊரின் பொதுச் சொத்தானது அப்போதுதான். பள்ளிவாசலையும் கிணற்றையும் போல அதுவும் ஊர் பார்த்துக்கொள்ள வேண்டிய ஒன்றாயிற்று.

பலன் தெரியப் பல வருஷம் பிடித்தது. தென் தாய்லாந்தின் இளையோர் சாம்பியன் பட்டத்தைப் பன்யீ எஃப்.சி. 2004-இல் வென்றது. 2005-இலும் வென்றது. பிறகு 2010 வரை ஒரு வருஷம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. தொடர்ந்து ஏழு பட்டங்கள், ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் பேர் கொண்ட ஊருக்கு. அந்த 2004-இன் டிசம்பர் 26 அன்றுதான் ஆழிப்பேரலை வந்தது. தாய்லாந்தில் மிக மோசமாக அடிபட்டது இதே பாங்ஙா மாகாணம். திறந்த கடலைப் பார்த்திருந்த காவோ லாக் கடற்கரை சிதைந்து போனது. தீவுகளும் அலையாத்திக் காடுகளும் சூழ்ந்த குடாவின் உட்பக்கம் ஒதுங்கியிருந்ததால் பன்யீக்கு அந்த அளவு அடி விழவில்லை. நாகப்பட்டினத்தையும் பிச்சாவரத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் எதனால் என்று சொல்ல வேண்டாம்.

இதற்கிடையில் தாய்லாந்து நாடே ஃபுட்சலில் எங்கோ போய்விட்டது. ஆண்களின் புல்வெளிக் கால்பந்து உலகக் கோப்பையில் ஒருமுறைகூடக் கால் வைக்காத நாடு அது. ஃபுட்சல் உலகக் கோப்பைக்கோ 2000-இலிருந்து 2024 வரை ஒன்றுவிடாமல் தகுதி பெற்றிருக்கிறது. ஆசியக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு 2008-இலும் 2024-இலும் போனது. இரண்டு முறையும் பாங்காக்கில், இரண்டு முறையும் ஈரானிடம் தோல்வி. அந்நாட்டின் சோன்புரி புளூவேவ் கிளப் 2013-இலும் 2017-இலும் ஆசியாவின் கிளப் சாம்பியன். பன்யீயால் இதெல்லாம் நடந்தது என்று சொல்வது மிகை. ஆனால் அந்த நாட்டில் சின்ன இடமும் வெறுங்காலும் ஈரத் தரையும் தீவுக்கு மட்டும் உரியவை அல்ல. காலால் செபாக் தக்ரா பந்தைத் தட்டித் தட்டி வளரும் பிள்ளைகளுக்கு ஃபுட்சலின் நெருக்கடி புதிதாகவும் இருக்காது.

ஆட்டத்துக்கு ஆள் இருந்தார்கள்; இடம் கட்டுவதில்தான் தாய்லாந்து அரசு தடுக்கி விழுந்தது. 2012 நவம்பரில் ஃபுட்சல் உலகக் கோப்பையைத் தாய்லாந்து நடத்தியபோது, அதற்கென்றே பாங்காக்கின் ஓரத்தில் சுமார் 12,000 பேர் அமரும் புதிய அரங்கம் எழும்பிக்கொண்டிருந்தது. போட்டி தொடங்கிய பிறகும் வேலை முடியவில்லை. ஃபிஃபா வந்து பார்த்துவிட்டு, அங்கே ஆட்டம் கிடையாது என்று கையை விரித்துவிட்டது. பிரேசில் ஸ்பெயினை வென்ற இறுதி ஆட்டம் பழைய ஹுவாமாக் உள்ளரங்கில் நடந்தது. அதே காலத்தில் வடகிழக்கு மாகாணங்களின் பள்ளிகளுக்கு ஃபுட்சல் தளம் போட்டுக் கொடுக்க அரசுப் பணம் ஒதுக்கப்பட்டது. தளங்கள் சீக்கிரமே பெயர்ந்து போய், ஊழல் வழக்காகி, அரசியல்வாதிகளை நீதிமன்றம் வரை இழுத்தன. ஒப்பந்தக்காரர் இல்லாமல், மதிப்பீடு இல்லாமல், பள்ளி விட்ட பிறகு கட்டிய தெப்பம் அவற்றைவிட நன்றாக உழைத்தது.

பன்யீக்கு இப்போது வருமானம் மீனைவிடச் சுற்றுலாவில் அதிகம். 1974-இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ரோஜர் மூர் சண்டை போட்ட பாறைத் தீவு இதே குடாவில் இருக்கிறது. புக்கெட்டிலிருந்து அதைப் பார்க்கப் படகேறுகிறவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பன்யீயில் இறங்குவது வழக்கம். இறால், மீன், கணவாய் சாப்பிட்டுவிட்டு, சந்துகளில் முத்துமாலையும் சட்டையும் பேரம் பேசிவிட்டு, மிதக்கும் மைதானம் எங்கே என்று கேட்பார்கள். 2011-க்குப் பிறகு இந்தக் கேள்வி கூடிப்போனது. விளம்பரம் வங்கிக்கு என்ன கொடுத்ததோ, ஊருக்கு ஒரு காட்சிப் பொருளைக் கொடுத்தது. இதில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிலம் வாங்க முடியாமல் கடலில் நின்ற ஊர், தன் கதையை விற்றுப் பிழைப்பதில் என்ன தப்பு?

எனக்கு இருக்கும் குறை வேறு. அத்தனை பேரும் கேட்பது 1986-இன் பையன்களைப் பற்றி. 2004 முதல் 2010 வரை ஆடியவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இளையோர் போட்டி என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வயது வரம்பு உண்டு. இரண்டு மூன்று வருஷத்தில் ஒரு பையன் வயது தாண்டிவிடுவான். ஏழு வருஷம் தொடர்ந்து வெல்ல வேண்டுமானால் குறைந்தது மூன்று தலைமுறைப் பையன்கள் ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் வந்து நின்றிருக்க வேண்டும். முந்நூற்று அறுபது குடும்பங்களில் அந்த வயதுப் பையன்கள் மொத்தமே எத்தனை பேர் இருப்பார்கள்? கிட்டத்தட்ட பந்து தொடத் தெரிந்த ஒவ்வொருவனையும் அணிக்குள் இழுத்து, யாரோ சிலர் சாயங்காலம் தவறாமல் பழக்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். தோற்ற அரையிறுதியைவிட அது எவ்வளவோ பெரிய வேலை. ஆனால் அதைப் படமாக்குவது கஷ்டம். வருஷா வருஷம் ஜெயித்துக்கொண்டே இருக்கிறவர்களின் கதையில் இடைவேளைக்கு முன்னால் எதைக் காட்டுவது?